பட்டுப்புழுவுக்கு என்ன சூடு?

டிசம்பர் மாதம் ஏழாம் நாள், சனிக்கிழமை. காலை முதலே வானம் மூடிக் கிடந்தது. சாரல் நிற்பதும் மீண்டும் தொடங்குவதுமாக இருந்தது. குளிர்காற்று கதவிடுக்கு வழியாக வீட்டுக்குள் புகுந்தது.

அந்த வீட்டின் பின்னறையில் மூன்று தட்டுகளில் பட்டுப்புழுக்கள் வளர்ந்துவந்தன. அரிசியின் நீளம்கூட இல்லாத இளம் புழுக்கள். குளிர்ந்தால் அவை இலை தின்பதை நிறுத்திவிடும். தின்னாத புழு பிழைக்காது.

புழுக்களை வளர்ப்பவர் அம்மா. இதற்கு முன்பு தொலைதூரத்து மில்லில் வேலை செய்தார். மாதம் ஒரு முறைதான் வீட்டுக்கு வருவார். சென்ற முறை வளர்த்த புழுக்கள் குளிரில் இறந்துபோயின.

“இந்தத் தடவையும் போச்சுன்னா நான் திரும்ப மில்லுக்கே போயிடறேன்” என்று அம்மா சொல்லியிருந்தார். வேலைக்குத் திரும்புகிறாரா என்று மில் மேற்பார்வையாளர் அன்று மாலை ஐந்தரைக்குள் பதில் கேட்டிருந்தார்.

அந்தச் சொல் அவருடைய மகளின் தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கியிருந்தது. அவளுக்குப் பத்து வயது. ஒல்லியான உடம்பு, கூர்மையான கேள்விகள். ஆகவே அவளை எல்லாரும் ‘குண்டூசி’ என்றே அழைத்தனர்.

அன்று அம்மா பல் பிடுங்கிக்கொள்ளப் புறப்பட்டார்.

“அறையில சூடு குறையக் கூடாது. கேட்டுச்சா?” என்றார் தம் தம்பியிடம்.

“அக்கா, நீ பல்லைப் பாரு. புழுவை நான் பாத்துக்கறேன்” என்றார் மாமா. அவருக்கு எப்போதும் சளி. சட்டைப்பையில் எப்போதும் தைலப்புட்டி. அதனால் தெருவில் அவர் ‘தைல மாமா’.

அம்மா போன சிறிது நேரத்தில் மின்சாரமும் போனது. பின்னறையைச் சூடாக வைத்திருந்த ஹீட்டர் அணைந்தது. அப்போது குண்டூசி தோட்டத்தில் மல்பெரி இலை பறித்துக்கொண்டிருந்தாள். ஈர இலை தின்றால் புழுவுக்கு நோய் வரும். ஆகவே ஒவ்வோர் இலையாகத் துணியால் துடைத்து, பொடியாக நறுக்கிக் கொண்டுவந்து தட்டுகளில் தூவினாள்.

ஒரு புழுவும் வாய் வைக்கவில்லை.

“தூங்குதுங்க போல” என்றார் மாமா வாசலில் நின்றபடி.

தோல் உரிக்கும் முன் புழுக்கள் தலையைத் தூக்கியபடி அசையாமல் உறங்கும் என்பது குண்டூசிக்குத் தெரியும். ஆனால் இவை தலையை இப்படியும் அப்படியும் ஆட்டின. விளிம்பை விட்டு விலகி, தட்டின் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன.

“தூங்கற புழு ஏன் மாமா ஓடுது?”

அவள் குனிந்து பார்த்தாள். மூக்கு எரிந்தது. கண்ணில் நீர் வந்தது.

“மாமா! தட்டுல என்ன தடவினீங்க?”

“தைலம்தான். அக்கா சூடு குறையக் கூடாதுன்னு சொன்னா. ஹீட்டர் போச்சு. தைலம் சூடுதானே? எனக்கு நெஞ்சுல தடவினா கணகணன்னு இருக்கும். அதான் விளிம்பெல்லாம் தடவினேன். முழுப் புட்டியும்!”

குண்டூசிக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. புழுக்களுக்கு எந்த நெடியும் ஆகாது. அப்போது மாமா அடுக்கடுக்காக நான்கு தும்மல் போட்டார். அவருக்கென்று ஒரு சொட்டுத் தைலம்கூட மீதமில்லை. அவள் கத்தவில்லை.

“இது அந்தச் சூடு இல்ல மாமா. அடுப்புச் சூடு வேணும். தைலம் வெறும் வாசனைதான்.”

மாமாவின் முகம் சுண்டிப்போனது. “ஐயையோ! ஜன்னலைத் திறக்கட்டுமா?”

“திறந்தா குளிரும். மூடினா நெடி. இந்த அறையே வேண்டாம், என் கட்டிலுக்கு அடியில வச்சிடலாம். புதுத் தட்டு வேணும்.”

“புதுத் தட்டுக்கு எங்கே போறது?”

“சாப்பாட்டுத் தட்டு இருக்கே!”

“அப்போ நாம எதுல சாப்பிடறது?”

“சட்டியிலேயே சாப்பிடலாம். உங்களுக்கு அதுதானே பிடிக்கும்?”

சாப்பாட்டுத் தட்டுகளில் அவள் தாள் விரித்தாள். இறகால் புழுக்களை மெல்ல மெல்லத் தாளுக்கு மாற்றினாள். உதவ வந்த மாமா, தம் கையை முகர்ந்து பார்த்துவிட்டுத் தாமே பின்வாங்கினார்.

“எனக்கு வேலையே இல்லையா குண்டூசி?”

“பெரிய வேலையே உங்களுக்குத்தான். நீங்க வெந்நீர் மந்திரி. மூடி போட்ட பாத்திரத்துல வெந்நீர் வந்துக்கிட்டே இருக்கணும்.”

மந்திரி சமையலறைக்குப் பாய்ந்தார். அவர் அறை வாசலில் வைத்த பாத்திரங்களை அவள் கட்டிலுக்கு அடியில், புழுத் தட்டுகளுக்கு ஓரமாக வைத்தாள். சுற்றிலும் போர்வைகளைத் தொங்கவிட்டாள். காற்று வர ஒரு பக்கம் சிறிது இடைவெளி விட்டாள். உள்ளே கையை நீட்டிப் பார்த்தாள். கதகதப்பாக இருந்தது. புதிய இலை தூவிவிட்டுத் தரையில் படுத்துக் காத்திருந்தாள்.

நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. மந்திரி பலமுறை வெந்நீர் மாற்றிவிட்டார்.

“என்னம்மா ஆச்சு?”

“உஷ்! சாப்பிடறப்போ பேசக் கூடாது.”

“யாரு சாப்பிடறா?”

“அதுங்க மாமா! அதுங்க!” இலைத்துண்டு ஒன்றில் ஊசி முனையளவு ஓட்டை. பக்கத்தில் இன்னொன்று. அதற்கப்பால் இன்னும் சில!

அந்த நேரம் அம்மா வந்தார். ஒரு கன்னம் பணியாரமாக வீங்கியிருந்தது, வாயில் பஞ்சு. வெறும் பின்னறையைக் கண்டு பதறி ஓடிவந்தார்.

“அக்காவால வாயைத் திறக்க முடியல. அப்பாடா, இன்னிக்குத் திட்டு கிடையாது!” என்ற மாமா, தைலக் கதை முழுவதையும் தாமே ஒப்பித்தார். அம்மா அவர் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

பிறகு தரையில் படுத்துப் போர்வையை விலக்கினார். ஒவ்வொரு தட்டாகப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

கைபேசி ஒலித்தது. மில் மேற்பார்வையாளர். அம்மா “ம்... ம்...” என்று திணறிவிட்டுக் கைபேசியை மகளிடம் நீட்டினார். ‘இல்லை’ என்று தலையை ஆட்டினார். புரியாமல் போய்விடுமோ என்று இரு கைகளையும் சேர்த்து ஆட்டினார்.

குண்டூசி தொண்டையைச் செருமிக்கொண்டாள். முள் எங்கோ போயிருந்தது.

“சார், அம்மா மில்லுக்கு வரலையாம். வீட்டுல நிறையப் பேருக்குச் சாப்பாடு போடணுமாம்!”

அப்போது மணி மாலை ஐந்து இருபத்தேழு.