எதிர்வீட்டில் மூச்சு பார்க்கிறார்கள்

எதிர்வீட்டுச் சாவி என்னிடம் இருந்தது. அதனால் அந்த வீட்டைப் பற்றி என் அளவுக்கு யாருக்கும் தெரியாது என்று சொன்னால் தெருவில் நாலு பேர் சிரிப்பார்கள். சாவி இல்லாத வீடுகளைப் பற்றியும் எனக்கு அதே அளவு தெரியும் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அன்று காலை கார் வந்து நின்றதும், துணி காயப்போடுகிற சாக்கில் மாடியில் நின்றேன். காய்ந்த துணியைத்தான் மறுபடி காயப்போட்டேன். முதலில் இறங்கியவன் நர்ஸம்மாவின் மகன். அடுத்து இறங்கியவள் அவனுடைய அக்கா. பின்னாலேயே பைக்கில் வீட்டு புரோக்கர். எங்கள் தெருவில் அவருக்கு 'ரெண்டு பர்சென்ட்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

நர்ஸம்மா போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வீட்டை விற்பதா, வாடகைக்கு விடுவதா என்று அக்காவும் தம்பியும் போனில் அடித்துக்கொண்டு அலுத்துப்போய், நேரில் அடித்துக்கொள்ளலாம் என்று வந்திருந்தார்கள். சாவி கொடுக்கப் போன நான் திரும்பி வரவில்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை.

"வாங்குறவர் தயாரா இருக்கார்" என்றார் ரெண்டு பர்சென்ட். "இடிச்சுட்டு அடுக்குமாடி கட்டப்போறாராம். சாயங்காலத்துக்குள்ள ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"இடிக்கிறதுன்னா வேணாம்" என்றாள் அவள். "வாடகைக்கே விடலாம்."

"விட்டியே, என்ன ஆச்சு?" என்றான் தம்பி. "வந்தவன் ராத்திரியோட ராத்திரியா காலி பண்ணிட்டான். அட்வான்ஸைக்கூடத் திருப்பிக் கேக்கல. உலகத்துல எங்கேயாவது இப்படி ஒரு குடித்தனக்காரனைப் பாத்திருக்கியா நீ?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "அவங்க ஏன் போனாங்க, அத்தை? உங்ககிட்ட சொல்லாம இருந்திருக்க மாட்டாங்களே."

சொன்னார்கள்தான். அந்த மனிதர் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். பகலில் தூங்குகிறவர். காலி செய்கிற அன்று அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். "தினமும் அவர் எந்திரிக்கறப்போ போர்வை தலைக்கு மேல ஏறியிருக்கு. கை ரெண்டும் உடம்போட ஒட்டி நேரா இருக்கு. அவர் குப்புறப் படுத்துக் காலைப் பரப்பிப் போட்டுத் தூங்குற ஆளுங்க."

ரெண்டு பர்சென்ட் சிரிக்க ஆரம்பித்தார். மற்ற இரண்டு பேரும் சிரிக்காததைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

நர்ஸம்மாவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தூங்குகிறவர் மூக்குக்குக் கீழே விரலை மடக்கி வைத்து மூச்சு பார்ப்பது வேலையோடு ஒட்டிக்கொண்ட பழக்கம். ஒரு மத்தியானம் கணவர் பக்கத்துக் கட்டிலில் தூக்கத்திலேயே போய்விட்டார். வார்டு முழுக்க மூச்சு பார்த்தவர், அன்று அசதியில் கண் அயர்ந்திருந்தார். அதற்கப்புறம் பழக்கம் வெறியாகிவிட்டது. பிள்ளைகள், விருந்தாளிகள், யார் படுத்தாலும் விரல் வந்துவிடும். எங்கள் வீட்டு சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைக்கூட விடவில்லை. குறட்டை விடுகிறவருக்கு எதற்கு என்று கேட்டேன். "அது நிக்கிற நேரத்தைத்தானே பாக்கணும்" என்றார்.

மூச்சு இல்லையென்றால் அடுத்து ஆகவேண்டியதையும் இன்னொருவரிடம் விடமாட்டார். கண்ணை மூடி, கையை நேராக்கி, போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துவிடுவது அவரேதான். கடைசியாகத் தொடுகிற கை மரியாதை தெரிந்த கையாக இருக்கவேண்டும் என்பார்.

"இதுக்குத்தான் விக்கணும்னு சொல்றேன்" என்றான் தம்பி. பெரிய கம்பெனியில் நூறு பேரை மேய்க்கிறவன், வந்ததிலிருந்து அம்மாவின் அறை வாசலைத் தாண்டி ஒரு அடி வைக்கவில்லை.

"இதுக்குத்தான் விக்கக்கூடாதுன்னு சொல்றேன்" என்றாள் அவள். "அம்மா இங்க இருந்தாங்கன்னா? இடிச்சுட்டா எங்கடா போவாங்க?"

"பைத்தியம் மாதிரி பேசாதக்கா."

"நான் இங்க கொஞ்ச நேரம் படுக்கிறேன். அப்புறம் முடிவு சொல்றேன்."

தம்பி காரில் போய் உட்கார்ந்துகொண்டான். ரெண்டு பர்சென்ட்டுக்குத் திடீரென்று வேறு வேலை ஞாபகம் வந்தது. நான் மட்டும் நர்ஸம்மாவின் அறைக்கு வெளியே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். துணைக்கு என்று அவள் நினைத்தாள். நினைக்கட்டும்.

வீட்டில் கரண்ட் இல்லை. மின்விசிறி ஓடாத வீட்டின் அமைதியே வேறு. தெருவில் போகிற ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. போர்வையால் பொத்தியது போல எங்கேயோ தூரத்தில் கேட்டது. ஜன்னல் வழியே வெயில் தரையில் விழுந்து கிடந்தது. இரும்புக் கட்டிலில் அவள் பக்கவாட்டில் சுருண்டு படுத்திருந்தாள். இடுப்பு வரைக்கும் ஒரு பழைய வெள்ளைப் போர்வை. கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது.

எனக்கும் கண் சொருகியது.

முதலில் வந்தது வாசனை. ஊசி போடுமுன் கையில் தடவுவார்களே, அந்த ஸ்பிரிட் வாசனை.

பிறகு ரப்பர் செருப்புச் சத்தம். யாரையும் எழுப்பிவிடக்கூடாது என்று பழகிய நடை.

அது என்னைத் தாண்டிப் போனது.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். கூட்டியும் குறைத்தும் சொல்வது என் வழக்கம், இதில் அப்படி இல்லை. அவளுடைய நெற்றியில் கிடந்த முடிக்கற்றை தானாக விலகியது. சுருண்டிருந்த முழங்கால் மெதுவாக நீண்டது. மார்பின் மேல் மடங்கியிருந்த கையை யாரோ பூப்போல எடுத்துப் பக்கத்தில் நேராக வைத்தார்கள்.

போர்வை ஏற ஆரம்பித்தது.

வயிறு. மார்பு. கழுத்து.

கத்தவேண்டும் என்று வாயைத் திறந்தேன். தெருவுக்கே கேட்கிற தொண்டை எனக்கு. காற்றுகூட வரவில்லை.

கண்ணைத் திறக்காமல் அவள் முணுமுணுத்தாள். "அம்மா. நான் உயிரோடதான்மா இருக்கேன்."

போர்வை நின்றது.

அப்புறம் அந்தக் குரல். கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. நாள் முழுக்க வார்டில் நின்று களைத்த குரல்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

போர்வை அவள் முகத்தை மூடியது.

எப்படி எழுந்தேன், எப்படிப் போர்வையைப் பிடுங்கி எறிந்தேன், தெரியாது. அவளை வெளியே இழுத்துக்கொண்டு வந்தபோது தம்பி காரிலிருந்து ஓடிவந்தான். அவள் அழுதுகொண்டிருந்தாள். பயத்தில் அழவில்லை. அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

"விரல் ஐஸ் மாதிரி இருந்துச்சுடா" என்றாள். "அந்த விரலுக்கு மூச்சு எப்படித் தெரியும்? யாரைத் தொட்டாலும் செத்துட்டாங்கன்னு நெனச்சுக்கிறாங்க. பாத்துப் பாத்து மூடிவிடறாங்க. என்னையும் சேத்து."

"அதனாலதான் சொல்றேன், வித்துரலாம்."

"வித்தா அடுக்குமாடி முழுக்க ஆளுங்க தூங்குவாங்க. ஒவ்வொருத்தரையா மூடிட்டு இருக்கணுமா அவங்க? வாடகைக்கு விட்டாலும் இதே கதி." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நானே வந்து இருக்கேன். சொல்லிச் சொல்லி நம்ப வெச்சிடுவேன். நம்பிட்டாங்கன்னா போயிடுவாங்க. அப்புறம் நீ என்ன வேணா பண்ணிக்கோ."

தம்பி கத்தினான், கெஞ்சினான். கடைசியில் என்னைப் பார்த்து, "நீங்களாவது சொல்லுங்க அத்தை" என்றான். அடுத்த வாரமே அவள் பெட்டியோடு வந்து இறங்கினாள்.

முதலில் தினமும் வாசலில் நின்று பேசுவாள். "இன்னிக்கு கழுத்து வரைக்கும்தான் மூடினாங்க அத்தை" என்று பரீட்சையில் தேறின பிள்ளை மாதிரி சொல்வாள். பிறகு பேச்சு குறைந்தது. ஜன்னல்கள் சாத்தியே கிடந்தன. பால் பாக்கெட் வெயிலில் கிடந்து உப்பியது. ரெண்டு பர்சென்ட்கூட அந்தப் பக்கம் வருவதை விட்டுவிட்டார்.

நேற்று மத்தியானம் மனசு கேட்காமல் போய்க் கதவைத் தட்டினேன்.

திறந்தாள். கூடத்தில் நாற்காலி, மேஜை எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, வரிசையாகப் பாய் விரித்திருந்தது. ஒவ்வொரு பாயிலும் மடித்து வைத்த வெள்ளைப் போர்வை.

"யாருக்கும்மா இதெல்லாம்?"

"வருவாங்க."

"அம்மா நம்பினாங்களா?"

குனிந்து ஒரு போர்வையின் மடிப்பை நீவிவிட்டாள். "நான்தான் தப்பா நெனச்சிருந்தேன் போல, அத்தை. அத்தனை வருஷம் அதையே வேலையாப் பாத்தவங்களுக்குத் தெரியாதா?"

கிட்டே வந்தாள். விரலை மடக்கி என் மூக்குக்குக் கீழே வைத்தாள்.

காத்திருந்தாள்.

நான் மூச்சு விட்டேன். விட்டதாகத்தான் எனக்கு ஞாபகம்.

அவள் முகத்தில் ஒரு பரிவு வந்தது. சரிந்திருந்த என் புடவைத் தலைப்பைத் தோளில் எடுத்துப் போட்டுவிட்டு, மெதுவாகச் சொன்னாள்.

"பயப்படாதீங்க. மொதல்ல யாருமே நம்பமாட்டாங்க."

எப்படித் தெருவைத் தாண்டினேனோ. ஒரு ஸ்கூட்டர்காரன் ஹாரன்கூட அடிக்காமல் என்னை உரசிக்கொண்டு போனான். வீட்டில் என் வீட்டுக்காரர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க" என்றேன்.

திரும்பவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு தடவை கூப்பிட்டதும் அவர் திரும்பியதே கிடையாது, அது வேறு விஷயம்.

இன்னொரு தடவை சத்தமாகக் கூப்பிடலாம். நேற்றிலிருந்து தைரியம் வரவில்லை. இன்றைக்கு மத்தியானமும் அவர் சோபாவில் தூங்குகிறார். வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுகிறார், எனக்கு நன்றாகக் கேட்கிறது.

ஆனாலும் அவர் பக்கத்தில்தான் நிற்கிறேன். விரல் தானாக மடங்கிக்கொள்கிறது.

இரண்டு தடவை வைத்துப் பார்த்துவிட்டேன். ஒன்றும் தெரியவில்லை.