இரண்டு நிமிட நிசப்தம்

ஒலிமானியின் முள் அசைந்தது. அசையக் கூடாத இடத்தில்.

ஒலிக்கலவைக்காரன் தோசிக் மறுபடி ஓட்டிப் பார்த்தான். முப்பத்தொரு வருடத்துக்கு முந்தைய ஒலிநாடா அது. இடிந்த நிலக்கரிச் சுரங்கத்துக்குள் துளை போட்டு, மைக் இறக்கி, மீட்புக் குழு இரண்டு நிமிடம் காது கொடுத்துக் கேட்டது. ‘சத்தம் இல்லை’ என்று எழுதிவிட்டுச் சுரங்கத்தின் வாயைச் சிமெண்டால் மூடியது. உள்ளே ஏழு பேர். அந்த இரண்டு நிமிடம்தான் இயக்குநர் ப்யோவின் ஆவணப்படத்துக்கு உச்சக்காட்சி. மனிதகுலத்தின் மௌனம் என்று அவர் பேட்டி கொடுத்துவிட்டார். படம்தான் இன்னும் முடியவில்லை.

“நிசப்தம் பத்தலை தோசிக்,” என்றார் ப்யோ, பின்னால் உட்கார்ந்து நூடுல்ஸ் தின்றபடி.

“ஒண்ணுமில்லாததை எப்படி சார் ஏத்துறது?”

“அதான்யா கலை! ஜனங்களுக்கு மூச்சு முட்டணும்.”

“தியேட்டர்காரன் வால்யூம் குமிழை ஏழுல வைக்கணும், அஞ்சுலதான் வைப்பான். அங்க உங்க கலை பாப்கார்ன் சத்தத்துல போயிடும்.”

“அதுக்குத்தான் ஏத்தச் சொல்றேன். மேல ஹால்ல உக்காந்து கேக்குறேன். எனக்குப் பிடிச்சா லெவலைப் பூட்டிடலாம்.” மீதி கறுப்பு நூடுல்ஸைக் கிண்ணத்தோடு தூக்கிக்கொண்டு ப்யோ போனார். சியோலின் அந்த நிலவறை ஒலிக்கலவை அறையின் இரட்டைக் கதவுகள், ஒன்றன்பின் ஒன்றாக, குளிர்பதனக் கிடங்குபோல் மூடிக்கொண்டன.

ஹாலோடு பேசும் பேச்சுப்பெட்டியில் அவர் செருமல் கேட்டது. “ம், ஓட்டு.”

காலையில் சோதனை இரைச்சலை ஓட்டி, எண்பத்தைந்து டெசிபலில் அறையின் குமிழை நிறுத்தி, மேலே டேப் ஒட்டியிருந்தான். படம் முடியும்வரை அதைத் தொடுவதில்லை. அதனால் மாறுவது எதுவானாலும் நாடாவுக்குள்தான் மாற வேண்டும். நாடாவின் லெவலை மூன்று டெசிபல் ஏற்றினான். காற்றின் சீறல், தொலைவில் நீர் சொட்டும் ஓசை, அதற்கும் அடியில் ஏதோ. ஆறு ஏற்றினான். டொக். டொக். டொக்.

போன வாரம் நாடாவின் கோளாறு என்று நினைத்து, இதே சொடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்தவன் அவன். நாற்பத்திரண்டு. சுத்தமாகத் துடைத்திருந்தான்.

மூன்று தட்டு, இடைவெளி, மூன்று தட்டு. நாடா இப்படித் தட்டாது. ஆள்தான் தட்டுவான்.

லெவலை அடிவரை இழுத்தான். சத்தம் குறையவில்லை. நாடாவை நிறுத்தினான். முள் நிற்கவில்லை. ஈரக் கரியின் வாடை தொண்டையில் இறங்கியது.

கதவுக்கு ஓடினான். கைப்பிடி திரும்பவில்லை.

“சார்! கதவைத் திறங்க!”

கதவை ஓங்கித் தட்டினான். மூன்று முறை.

பின்னால் முள் துள்ளியது. மூன்று முறை.

அவன் கை அசையாமல் நின்றது. முள்ளும் நின்றது. மறுபடி தட்டினான். முள் துள்ளியது. கத்தினான். முள் சிவப்பைத் தொட்டது. ஸ்பீக்கரில் அவன் குரல், வெகு ஆழத்திலிருந்து, நீர் சொட்டும் சத்தத்துக்கு நடுவே வந்தது.

பேச்சுப்பெட்டி கரகரத்தது.

“அடடா! இப்பத்தான்யா சரி. ஒரு சத்தமும் இல்லை.” நூடுல்ஸை உறிஞ்சும் ஓசை. “மூடிடு.”

கதவின் அடியிலிருந்து, சாம்பல் நிறத்தில், ஈரமாக, அவசரமில்லாமல், சிமெண்ட் உள்ளே வந்துகொண்டிருந்தது.