மச்சானின் கார்... ஃபுல் இன்சூரன்ஸ்!

போன் அலறியது!

சுபாகரன் அப்போதுதான் காலைத் தேநீரைக் கையில் எடுத்திருந்தான். திரையில் கேதீசனின் பெயர். மனைவி மேனுகாவின் அண்ணன்.

"மச்சான்... உடனே வாங்க. அமிர்தகழி வாவிக்கரை ரோட்டில நிக்கிறன். ஒரு ஆள் என்ட காருக்கு முன்னால வந்து உழுந்திற்றான்."

"உசிர்...?"

"இல்ல."

பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தான்.

வாவிக்கரையில் ஆள் நடமாட்டம் இல்லை. காரின் முன்சக்கரத்தடியில் ஒரு மனிதன் குப்புறக் கிடந்தான். சுபாகரன் கிட்டப் போகாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கேதீசன் அழுதான். செத்தவன் யாரென்றே தெரியாது என்றான். தன் லைசன் காலாவதியாகி மாதக்கணக்காகிறதாம். அது தெரிந்தால் இன்சூரன்ஸ் கம்பனி கைகழுவிவிடும், கோர்ட்டும் சும்மா விடாது என்றான்.

"நீங்க ஓட்டினதெண்டு சொல்லுங்க மச்சான். உங்கட லைசன் சரிதானே?"

"கார் உங்கட கார். என்ட இன்சூரன்ஸ் என்ட பைக்குக்குத்தானே?"

"இன்சூரன்ஸ் வாகனத்துக்கு. ஓட்டுற ஆளுக்கில்ல. சொந்தக்காரன் சம்மதிச்சா, லைசன் உள்ள ஆரும் ஓட்டலாம். ஃபுல் இன்சூரன்ஸ்... எல்லாத்தையும் அவங்க பாத்துக்குவாங்க."

அந்த ஒரு விஷயத்தில் கேதீசன் பொய் சொல்லவில்லை.

சுபாகரன் தயங்கினான். உடனே மேனுகாவின் போன்! அண்ணன் முந்திக்கொண்டு அவளுக்கும் சொல்லியிருந்தான்.

"அண்ணன் கட்டித்தந்த வீட்டில இருந்துகொண்டு, அவர உள்ளுக்கு அனுப்பப் போறீங்களா?"

இந்தப் பக்கத்தில் பெண் கொடுப்பவர்கள் வீட்டையும் கொடுப்பார்கள். மாப்பிள்ளை பெட்டியோடு போய் அங்கே குடியிருக்க வேண்டியதுதான். அப்படிப்பட்ட வீட்டில் இருந்துகொண்டு மச்சானிடம் 'மாட்டேன்' என்று சொல்ல எவனுக்கு வாய் வரும்? பாவம் சுபாகரன்!

"சரி" என்றான்.

பொலிசுக்கு முன்பே இன்சூரன்ஸ் ஆள் வந்து இறங்கினார். படம் பிடித்தார். கேள்வி கேட்டார். சொந்தக்காரரின் சம்மதத்தோடு ஓட்டியது சுபாகரன்தான் என்று இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு வந்த பொலிசிடமும் அதே கதை... அதே கையெழுத்து!

மறுநாள் காலை. பொலிஸ் நிலையம்.

இன்ஸ்பெக்டர் வேலன் நாற்காலியைக் காட்டினார். பக்கத்து நாற்காலியில் கேதீசன். வாசலருகே மேனுகா.

"அந்தக் காரை ஓட்ட உங்களுக்கு இன்சூரன்ஸ் இரிக்கி. அதில பிழையில்ல" என்றார் வேலன்.

சுபாகரனுக்கு மூச்சு வந்தது.

"ஆனா கார் அவனக் கொல்லல்ல. முதல்ல கழுத்த நெரிச்சிரிக்கி... மறுகாதான் கார ஏத்தியிரிக்கி. கோணாமலைய ஏன் கொன்னீங்க?"

கோணாமலை! கேதீசனோடு பங்குக்கு இறால் பண்ணை நடத்தியவன். முகத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுத் தொலைத்திருக்கிறான் இந்தப் புத்திசாலி!

சுபாகரன் நடந்ததையெல்லாம் கொட்டினான். ஓட்டியது தானில்லை என்றான். வேலன் அவன் கையெழுத்தைக் காட்டினார்.

கேதீசன் கண்ணைத் துடைத்தான்.

"நேத்துக் காலையில கேட்டார், கார்த் திறப்பக் குடுத்தன் சேர். இப்பிடிச் செய்வாரெண்டு எனக்கென்ன தெரியும்?"

சுபாகரன் மனைவி பக்கம் திரும்பினான். போனில் பேசியதைச் சொல்லும்படி கெஞ்சினான். உலகத்தில் அவனுக்கு இருந்த ஒரே சாட்சி அவள்தான்.

மேனுகா அண்ணனைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"இவர் என்னோட ஒண்டும் கதைக்கல்ல சேர்."

சுபாகரன் அவளை நோக்கி எழுந்தான்.

கூண்டுக் கதவு சாத்தப்பட்டது.

மச்சானின் காரை ஓட்டுங்கள்... இன்சூரன்ஸ் உண்டு. மச்சானுக்கு எதிராக இன்சூரன்ஸ் விற்கும் கம்பனி மட்டும் இனித்தான் பிறக்கவேண்டும்!