பூட்டைத் திறந்த கட்டளை

“நாளைக்கு விசாரணை சார். என்னை வேலையை விட்டுத் தூக்கறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் கூப்பிடுறாங்க,” என்றாள் வந்தவள். பக்கத்தில் அவள் கணவர், அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

துப்பறிபவரை எல்லோரும் ‘நிதானம்’ என்றே அழைப்பார்கள். அவருடைய உதவியாளருக்கு ‘அவசரக்குடுக்கை’ என்று பெயர் வைத்ததும் அதே ஆட்கள்தான். இரண்டு பெயரும் அச்சாகப் பொருந்தின.

அவள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் சர்வரைப் பார்த்துக்கொள்பவள். இணையத்திலுள்ள மென்பொருள் களஞ்சியத்திலிருந்து புதிய பதிப்புகளைக் கட்டளை கொடுத்து இறக்கி நிறுவுவது அவள் வேலை. பரிசோதனை இயந்திரத்தோடு பேசும் நிரலை மட்டும் பழைய பதிப்பிலேயே நிற்கும்படி பூட்டி வைத்திருந்தாள். இயந்திரம் கிழடு, புதிய பதிப்பு அதற்குப் புரியாது. அவள் மீட்டிங்குக்குப் போயிருந்தபோது, அணைக்காமல் விட்ட அவள் திரையிலேயே யாரோ பூட்டை எடுத்துவிட்டுப் புதியதை நிறுவிவிட்டார்கள். அன்று முழுக்க ஒரு ரிசல்ட்டும் வெளிவரவில்லை. அறுவை சிகிச்சைக்கு வந்து படுத்தவர்களை எழுப்பித் திருப்பி அனுப்பினார்கள். கட்டளைகள் எல்லாம் அவள் பெயரில்தான் பதிவாகியிருந்தன. வேறு ஊரிலிருந்த தலைமைக் கூடத்துக்குப் பொறுப்பாளராகப் போகவிருந்தவளுக்கு, இப்போது இருக்கிற வேலையே போகப்போகிறது.

“அந்த நேரம் அறைக்குள்ள யார் யார் வந்தாங்க?” என்று கேட்டார் நிதானம்.

“கூட வேலை பார்க்கிறவர் இருந்தார், நடுவுல சாப்பிடப் போனார். மேனேஜர் வந்து எட்டிப் பார்த்திருக்கார். இவரும் எனக்கு டீ வச்சிட்டுப் போக வந்தார். கீழ்த்தளத்துல கொள்முதல் பிரிவுல இருக்கார்.”

“பூட்டி வச்சது யாருக்குத் தெரியும்?”

“ஆஃபீஸ்ல யாருக்கும் தெரியாது சார். எல்லாத்தையும் புதுசாக்கணும்னு மேனேஜர் உத்தரவு. சொன்னா கத்துவார்னு வாயைத் திறக்கல. அது என் தப்புதான்.”

“இவ வேலையில புலி சார்,” என்றார் கணவர்.

அவள் முகம் கொஞ்சம் மலர்ந்தது. “தினமும் சாப்பிடும்போது என் வேலையைப் பத்தித் தோண்டித் தோண்டிக் கேட்பார். எத்தனை பேருக்கு இப்படி வாய்க்கும்?”

நிதானம் அவள் மடிக்கணினியை வாங்கி, அன்றைய கட்டளைகளைப் படித்தார். அவசரக்குடுக்கைக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“கூட வேலை பார்க்கிறவன்தான் சார்! பதவி இவங்களுக்குப் போன வயித்தெரிச்சல்!”

“அவர் தொழில் தெரிஞ்சவர். இதைச் செஞ்சவருக்குத் தொழில் தெரியாது. முதல்ல பூட்டை எடுத்திருக்கார். அடுத்தது ஒத்திகை. எதையும் நிறுவாம, என்னென்ன மாறும்னு மட்டும் காட்டுற கட்டளை. அதுக்கப்புறம்தான், களஞ்சியத்துல என்னென்ன புதுசா வந்திருக்குன்னு காட்டுற பட்டியலைப் புதுப்பிச்சிருக்கார். கையோட நிறுவிட்டார்.”

“ஒத்திகை பார்க்கிறது என் பழக்கம் சார்,” என்றாள் அவள். “அதனாலதான் நான்தான்னு சொல்றாங்க.”

“பழக்கம் உங்களோடது, வரிசை உங்களோடது இல்ல. பழைய பட்டியலை வச்சு ஒத்திகை பார்த்தா, மாற்றம் ஒண்ணுமில்லைன்னுதான் வரும். பட்டியல் பழசுன்னு அப்புறம்தான் உறைச்சிருக்கு. புதுப்பிச்சவர் மறுபடி ஒத்திகையும் பார்க்கல. தினமும் செய்யற கைக்கு இந்தத் தப்பு வராது. காதால கேட்டுக் கத்துக்கிட்டவருக்குத்தான் வரும்.”

“அப்ப மேனேஜர்!” என்று துள்ளினான் அவசரக்குடுக்கை.

“பூட்டு இருக்கிறதே அவருக்குத் தெரியாதே. தெரியாதவர், என்னென்ன பூட்டியிருக்குன்னு கணினியைத்தானே முதல்ல கேட்கணும்? அந்தக் கட்டளையே இங்க இல்ல. நேரா நிரலோட பேரைப் போட்டுத் திறந்திருக்கார். அது முன்னாடியே தெரிஞ்சவர் வேலை.”

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். “உங்ககிட்ட மட்டும்தானே சொன்னேன்.”

அவர் தரையைப் பார்த்தபடி பேசினார். “நீ அங்க போய் பெரிய அதிகாரியா உட்காருவ. நான் இங்க பேனா பென்சில் வாங்கிட்டு இருக்கணும். நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா? அந்தப் பதவி மட்டும் கைவிட்டுப் போகும்னுதான் நினைச்சேன். இவ்வளவு பெருசாகும்னு தெரியாது.”

இப்படி ஒரு அக்கறைக்கு, கூட வேலை பார்க்கிறவனின் வயிற்றெரிச்சல் எவ்வளவோ தேவலாம்.

“போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே,” என்றாள் அவள். “நான் போயிருக்கவே மாட்டேனே.”

அவளுக்கு அழுகை வந்தது. இத்தனை நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே எல்லாவற்றையும் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது.

“அறிக்கை எழுதறதா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும்மா,” என்றார் நிதானம். “எழுதினா இவர் வேலை போகும். எழுதலன்னா உங்க வேலை போகும்.”

கணவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“எழுதுங்க சார். இவர் பேரைப் போட்டே எழுதுங்க,” என்றாள். “அந்த ஊருக்கு இப்ப நான் போறேன்.”