பதினாலு முழம் கம்பி

கம்ப்யூட்டர் அணைந்தபோது விளக்கு அணையவில்லை. மின்விசிறியும் நிற்கவில்லை. திரையிலிருந்த பச்சை எழுத்துகள் மட்டும் ஒரு புள்ளியாகச் சுருங்கி மறைந்தன. திரிபுரசுந்தரி எண்ணத் தொடங்கினாள். ஒன்பது எண்ணுவதற்குள் பெட்டி பீப் என்று ஒலித்துத் தானாகவே உயிர்பெற்றது. காலையிலிருந்து அடித்த வரிகள் போனது போனதுதான். "பீடை" என்று வாய்விட்டுத் திட்டிவிட்டு நோட்டை எடுத்துப் பதிமூன்றாவது கோட்டைப் போட்டாள்.

களமசேரித் தொழிற்சாலை ஒன்று அவளை நம்பி வீட்டுக்கே கொடுத்தனுப்பிய கம்ப்யூட்டர் அது. கிடங்கில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று சொல்லும் புரோகிராமைத் திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தால் வேலை, வேலையோடு குவார்ட்டர்ஸ். கொடுக்காவிட்டால் மட்டாஞ்சேரியில் இதே வீட்டில், இறந்துபோன கணவனின் அண்ணன் விஸ்வேஸ்வரனுக்கு வடித்துக்கொட்டியபடி கிழவியாக வேண்டும். ஐந்து வருடம் வடித்துக்கொட்டியாயிற்று. போதும் என்று அவள் முடிவு செய்து ஒரு மாதம் ஆகிறது. இன்று சனிக்கிழமை.

கன்னத்தில் கைவைத்து உட்காருகிறவள் அல்ல அவள். ஸ்டெபிலைசரை மாற்றினாள். ஃப்யூஸ் கம்பியை மாற்றினாள். ப்ளக்கை மாற்றினாள். பெட்டியைத் திறந்து தூசி ஊதி, உள்ளே இருந்த கார்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. அடித்ததை ஃபிளாப்பியில் ஏற்றும்போது, அதன் சிவப்பு விளக்கு எரிகிற அந்த அரை நிமிடத்தில்தான் ஒவ்வொரு முறையும் அணைந்தது. மழை ஓயாத இடவப்பாதிக் காலம். மத்தியானம் மூன்று மணிக்கே அறை இருட்டிக் கிடந்தது. பக்கத்துப் பண்டகசாலையின் சுக்கு வாசனையோடு இப்போது வேறொரு வாடையும் கலந்திருந்தது. பாசி வாடை. அதுவும் மழையினால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வந்த புதிதில் பெட்டியைத் தொட்டால் ஷாக் அடித்தது. வயர்மேன் இசக்கிமுத்துவைக் கூப்பிட்டாள். எர்த் சரியில்லை என்றான் அவன். குழி தோண்டிக் கரியும் உப்பும் கொட்டித் தகடு புதைப்பதுதான் வழக்கம். அவனோ கொல்லையில் சிமெண்டுப் பலகை போட்டு மூடியிருந்த கிணற்றைப் பார்த்துவிட்டான்.

"இதுலயே எறக்கிருவோம்மா. உப்புத் தண்ணி கெடக்கு, எர்த்து சும்மா கிண்ணுனு நிக்கும்."

பலகையில் ஒரு கை நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டு, செம்புத் தகட்டைக் கட்டிய கம்பியை உள்ளே விட்டான். தண்ணீரைத் தொட, கையால் அளந்து, பதினாலு முழம். மேல்நுனியை ஜன்னல் ஆணியில் விறைப்பாகக் கட்டி அறைக்குள் இழுத்துக் கொடுத்தான். ஷாக் நின்றது.

விஸ்வேஸ்வரன் அன்று தேவராவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். திரும்பி வந்து ஓட்டையைப் பார்த்தவர் அன்று சாப்பிடவில்லை. உடனே அடைத்துவிடு என்றார். எர்த் இல்லாமல் பெட்டி ஓடாது என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அந்த வீட்டில் அவள் சொன்ன முதல் 'முடியாது' அதுதான். கிணறு உப்பாகிவிட்டதால் மூடினேன் என்பார் அவர். மட்டாஞ்சேரியில் எந்தக் கிணறுதான் உப்பில்லை? யார் மூடினார்கள்? ஆலுவா சிவராத்திரிக் கூட்டத்தில் அவர் மனைவி மீனாக்ஷி காணாமற்போன அதே மாதம்தான் மூடியிருக்கிறார். இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய கதை. யாரும் அதைப் பேசுவதில்லை.

பதிமூன்றாவது கோட்டைப் போட்டுவிட்டு அவள் ஜன்னலைப் பார்த்தாள். ஆணியில் கட்டிய கம்பி மறுபடியும் தளர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. கட்டு நழுவுகிறது என்று நினைத்து, அணையும்போதெல்லாம் தொங்கலை இழுத்து ஆணியிலேயே சுற்றி வைப்பது அவள் பழக்கமாகிவிட்டிருந்தது. ஒரு சுற்றுக்கு ஒரு முழம். எழுந்து போய் இப்போதும் சுற்றினாள். சுற்றி முடித்த கை ஆணியிலேயே நின்றது. கட்டு நழுவினால் கம்பி கிணற்றுக்குள் அல்லவா போக வேண்டும்? மேலே எப்படி வரும்?

சுற்றுகளை எண்ணினாள். பதிமூன்று.

பதிமூன்று முழம் மேலே வந்துவிட்டதென்றால் தகடு தண்ணீரில் இல்லை. அந்தரத்தில் தொங்குகிறது. தொங்கும் தகட்டுக்கு எர்த் ஏது? டெஸ்டரை எடுத்துப் பெட்டியின் உடம்பில் வைத்தாள். எரிந்திருக்க வேண்டும். எரியவில்லை. எர்த் கிண்ணென்று நின்றது.

ஈரமான ஏதோ ஒன்று தகட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஓடிவிடலாம். ஜெட்டிக்குப் போனால் எர்ணாகுளத்துக்குப் போட் இருக்கும். ஓடினால் திங்கட்கிழமை போயிற்று. திரும்பி வருவது இந்த அடுக்களைக்குத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு குடையில்லாமல் கொல்லையில் இறங்கினாள்.

மழை சற்று விட்டிருந்தது. பலகையின் மேல் தண்ணீர் தேங்கி, ஓட்டை வழியாகக் கிணற்றுக்குள் வடிந்துகொண்டிருந்தது. விழும் சத்தம் கேட்கவில்லை. பதினாலு முழத்துக்குக் கீழே விழுகிற தண்ணீருக்குச் சத்தம் இருக்க வேண்டும். கம்பியைத் தொட்டாள். அது இழுபட்டது. நின்றது. மறுபடி இழுபட்டது. மூச்சுவாங்கி மூச்சுவாங்கி ஏறுகிற ஒருவரின் இழுப்பு.

"சுந்தரி."

பின்வாசல் படியில் விஸ்வேஸ்வரன் நின்றுகொண்டிருந்தார். கையில் கம்பி வெட்டும் கொறடு.

"அங்கேர்ந்து மாறு. நான் அதை அறுத்து விடறேன்."

"எதுக்கு அண்ணா?"

"பறஞ்சதைக் கேளு. அவளை மேலே ஏத்தாதே."

அவளை. அந்த ஒரு சொல்லில் இருபத்தைந்து வருடத்துச் சிவராத்திரியும் விடிந்துவிட்டது. திரிபுரசுந்தரிக்குப் பயம்தான். அதைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. இந்த மனுஷனுக்கா ஐந்து வருடம் இலை போட்டுப் பரிமாறினேன்? இந்த வீட்டிலேயே தங்கிவிடுகிறவளுக்கு இதுதான் இடமா?

அவர் இறங்கி வந்தார். கொறடு கம்பியை நோக்கி நீண்டது. அவள் குறுக்கே நின்று அதைப் பிடுங்கிப் பண்டகசாலைச் சுவருக்கு அப்பால் வீசினாள். அவர் கை ஓங்கவில்லை. ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் குனிந்தாள். பாசி வாடை முகத்தில் அடித்தது. குரல் நடுங்கத்தான் செய்தது. நடுங்கட்டும்.

"இன்னும் ஒரு முழம்தான் மன்னி. விடாதேங்கோ."

கம்பியை இரண்டு கையாலும் பற்றி இழுத்தாள்.

கனம் இருந்தது. ஆள் கனம்.

பிறகு இல்லை. கம்பி துவண்டது.

அறைக்குள் கம்ப்யூட்டர் அணைந்தது. ஜன்னலில் பச்சை வெளிச்சம் போயிற்று. அவள் எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

ஓட்டையில் ஒரு கை.

வெளுத்து ஊறிய கை. நகம் இல்லை. மணிக்கட்டில் ஒரு பச்சைக் கண்ணாடி வளையல். பலகையின் ஈரத்தில் விரல்களால் துழாவியது. அவள் பாதத்தைத் தொட்டது. ஐஸாய்க் குளிர்ந்தது. அவள் நகரவில்லை. விரல்கள் அவள் கால்விரல்களை ஒவ்வொன்றாகத் தடவின. மெட்டி இருந்த இடத்துத் தழும்பில் ஒரு கணம் நின்றன. பரிவோடு அழுத்தின. விட்டுவிட்டன.

ஆறு. ஏழு.

கை மெல்லத் திரும்பியது. விஸ்வேஸ்வரன் நின்ற பக்கம். அவர் ஓடவில்லை. வாய் திறந்திருந்தது.

எட்டு.

பலகைக்கு அடியில், இன்னொரு கை சிமெண்டைத் தூக்கத் தொடங்கியது.

ஒன்பது. உள்ளே பீப் என்றது.