பல்லில் கடித்த கம்பி

மைத்துனன் தர வேண்டியது நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். பஞ்சு தன் காது ஆபரேஷனுக்கென்று சேர்த்த பணம். மைத்துனனைக் காணவில்லை, இன்றோடு மூன்று நாள்.

"உங்க கடனுக்குப் பயந்து எங்கயோ ஓடிட்டான் கழுதை. வருவான்," என்றாள் மனைவி. தம்பியை அப்படித் திட்டினாலும் இரண்டு ராத்திரியும் வாசல் கதவைத் தாழிடாமலே படுத்தாள்.

பஞ்சு, எண்ணெய் ஆலையில் பம்பு பார்க்கிற ஃபிட்டர். இரண்டு காதிலும் வருஷக்கணக்காகச் சீழ் வடிந்து, எப்போதும் பஞ்சு அடைத்திருந்ததால் வந்த பெயர். டாக்டர் இரும்புக் கவை ஒன்றைத் தட்டிக் காதோரம் பிடித்தார்; ஒன்றுமில்லை. காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார், மண்டைக்குள் கணீரென்றது. "நடுக்காது பழுத்துப் பழுத்து ரெண்டு ஜவ்வும் ஓட்டை. எலும்பு வழியா மட்டும் நல்லா கேக்குது," என்றார்.

அந்த ஒரு வழியில்தான் பிழைப்பு. கம்பியின் ஒரு முனையைப் பம்பில் வைத்து மறுமுனையைப் பல்லில் கடித்தால் பேரிங் தேய்வது தெரிந்துவிடும். மனிதர் பேச்சுக்கு உதடு பார்ப்பான். இவ்வளவு செவிடு என்று மேஸ்திரிக்குத் தெரிந்தால் வேலை போகும். ஆலையில் தெரிந்தவன் மைத்துனன் மட்டும். தொட்டி கழுவுகிற அவன் கூப்பிட வேண்டுமென்றால் இரும்பில் இரண்டு தட்டு தட்டுவான். மாமா, இங்க வாங்க என்று அர்த்தம்.

அன்று மதியம் மேஸ்திரி மூக்கைப் பொத்திக்கொண்டு போனார். "காதைக் கழுவுடா பஞ்சு. பெருச்சாளி செத்த நாத்தம்."

காலையில் எடுத்த பஞ்சு வெள்ளையாக இருந்தது. காது காய்ந்து நாலு நாள்.

பம்பு அறையில் பழைய எண்ணெயின் சிக்கு வாடைக்கு அடியில் அந்த நாற்றம் இனிப்பாக, கனமாக, சுவரோடு நிற்கிற பெரிய தொட்டியின் பக்கத்திலிருந்து வந்து தொண்டையில் ஒட்டிக்கொள்ள, அவன் வாயால் மூச்சு விட்டபடி குனிந்து கம்பியைக் கடித்தான். பம்பின் உறுமல் பல் வழியாக ஏறிக் கண்ணுக்குப் பின்னால் நிறைந்தது. அதற்குள் வேறொன்று.

தட்டு. தட்டு.

பம்பை நிறுத்தினான். கம்பியைத் தொட்டியில் வைத்தான்.

தட்டு. தட்டு.

ஓடிப்போய் மேஸ்திரியை இழுத்து வந்தான். அவர் தொட்டியில் காதை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஒன்னும் கேக்கல. உன் காதுல சீழ் தட்டுது. போன வாரக் கடைசில இந்தத் தொட்டிய மூடினதே நீதானே? உள்ள ஆள் இருக்கான்னு மூணு தடவ கூப்பிட்டுட்டுதானே மூடின?"

"கூப்பிட்டேன்."

"பதில் வந்துச்சா?"

"வரல."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவனுக்குள் இறங்கியது. பதில் வரவில்லை. அவனுக்கு வரவில்லை. டார்ச் அடித்தும் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போகிற அவசரம். கடைசி போல்ட்டை இறுக்கும்போது ஸ்பேனரில் ஓர் அதிர்வு. பம்பு என்று நினைத்தான். பம்பு அப்போது ஓடவில்லை.

எட்டு போல்ட்டையும் கழற்றினான். கை வழுக்கியது. மூடி நகர்ந்ததும் நாற்றம் முகத்தில் அறைந்தது. அவன் காதின் நாற்றமல்ல.

மேஸ்திரியின் டார்ச் உள்ளே இறங்கியது. மைத்துனன் சுவரில் நெற்றியை வைத்து முட்டிபோட்டிருந்தான். கையில் சுரண்டி. சுவர் முழுக்கப் பெயின்ட் பெயர்ந்த வெள்ளைத் தழும்புகள். இரண்டு. இரண்டு. இரண்டு. கை எட்டுகிற உயரம் வரை.

"செத்து ஒரு நாளுக்கு மேல இருக்கும்டா," என்றார் மேஸ்திரி. அவர் உதடு நடுங்கியதில் படிக்கக் கஷ்டமாக இருந்தது.

வெளியே கிடத்தியபோது சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் கவர் ஒன்று நழுவியது. மேலே பேனாவில் 'மாமாவுக்கு'. மேஸ்திரி எண்ணிப் பஞ்சுவின் கையில் வைத்தார். நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது. ஒரு ரூபாய் குறையவில்லை. கடன் தீர்ந்தது.

தொட்டி காலி. பம்பு நின்றிருந்தது. கம்பி தரையில், மூன்றடி தள்ளி.

பஞ்சு பல்லை இறுக்கிக்கொண்டான்.

தட்டு.

தட்டு.