வெள்ளை டயர் ஓடுதளம்

சின்ன விமானத்தின் இடது டாங்குக்கான பெட்ரோல் முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்ததைப் பார்த்தபோது மார்னிக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பாலைவன ஓரத்து ஊரான பேர்ட்ஸ்வில்லில் கிளம்புவதற்கு முன் ஏணி போட்டு ஏறி, இரண்டு இறக்கை டாங்கிலும் அளவுக்குச்சியை விட்டுப் பார்த்தது அவளேதான். எதிர்க்காற்றுக்கும் சேர்த்து, வழி தப்பினால் சுற்றுவதற்கும் சேர்த்து, தங்கள் பண்ணைக்குப் போய்த் திரும்பி வருகிற அளவுக்கு நிரப்பியிருந்தாள்.

"முள்ளு செத்துப்போச்சு."

பக்கத்து இருக்கையில் அவள் புருஷன் கிளைவ், முகத்தை மூடியிருந்த தொப்பியை எடுக்கவில்லை. "மூடியை ஒழுங்கா மூடியிருக்க மாட்டே. காத்து மொத்தத்தையும் உறிஞ்சியிருக்கும்."

"மூடினதும் நான், திருகிப் பாத்ததும் நான். நீ அப்போ பார்ல கவுந்து கிடந்தே."

"ஆரம்பிச்சிட்டியா?"

வலது முள்ளும் இறங்கத் தொடங்கியது. நிதானமாக, யாரோ அடியில் வாய் வைத்து உறிஞ்சுவதுபோல. பம்ப்பைப் போட்டாள், டாங்கை மாற்றினாள், மறுபடி மாற்றினாள். எஞ்சின் இருமியது, ஒரு தடவை உதறியது, அடங்கிவிட்டது. விசிறி வெறும் காற்றில் சுற்ற, இறக்கைகளை உரசிப் போகிற காற்றின் சீறல் மட்டும் மிச்சமிருந்தது.

கிளைவ் நிமிர்ந்தான். "அதோ! ஓடுதளம்!"

செம்மண்ணில் இரண்டு வரிசை டயர்கள், நேற்று சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக. இத்தனை வருஷமாக இதே வழியில் பறக்கிறாள். இங்கே மணல்மேடுகளைத் தவிர எதையும் பார்த்ததில்லை. ஆனால் இறங்க வேறு இடமில்லை. மூக்கைத் தாழ்த்தினாள். மோதினால் உள்ளே சிக்கிக்கொள்ளாமல் இருக்க, கதவுகளின் தாழை எடுத்துவிடச் சொன்னாள். மண் அவர்களை மெத்தென்று வாங்கிக்கொண்டது.

கீழே ஒரு ஈ கூட இல்லை. இந்தப் பாலைவனத்தில், இந்த வெயிலில், கண்ணிலும் மூக்கிலும் மொய்க்க ஒரு ஈ கூட. மார்னி இறக்கையில் தொற்றி ஏறினாள். மூடி இறுக்கமாகவே இருந்தது. குச்சியை விட்டாள். காய்ந்து வந்தது. பெட்ரோல் வாடையே இல்லை. விரலை விட்டுத் துழாவினால் புழுதி.

"மார்னி." கிளைவின் குரல் மாறியிருந்தது. தண்ணீர் கேனைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். அதன் சீல் உடையவில்லை. உள்ளே ஒரு சொட்டு இல்லை. "என்னைக் கொல்லத்தான் கூட்டிட்டு வந்தியா?"

அவள் பதில் சொல்லுமுன் அவன் ஓடுதளத்தின் கோடியைக் கண்டுவிட்டான். அங்கே ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்று கையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஆளுங்க இருக்காங்க! தண்ணி இருக்கும்!"

"போகாதே, கிளைவ். நில்லு."

"போடி."

அவன் ஓடினான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எல்லாக் கைகளும் ஒரே வேகத்தில் அசைந்தன. யாரும் அவனைப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிளைவ் அவர்களிடம் போனான். நின்றான். திரும்பினான். அவன் கன்னங்கள் உள்ளே ஒட்டியிருந்தது இறக்கைமேல் நின்ற அவளுக்கே தெரிந்தது. உதடுகள் காய்ந்து, பல்லோடு சுருண்டிருந்தன. மெல்ல வானத்தை அண்ணாந்து பார்த்தான்.

கையைத் தூக்கினான்.

மேலே ஒரு சத்தம். இன்னொரு சின்ன விமானம். அதன் எஞ்சின் இருமியது.

மார்னி விமானத்துக்குள் பாய்ந்தாள். ரேடியோவைப் போட்டாள். மைக்கை வாயோடு அழுத்தினாள். "இறங்காதீங்க! இங்க இறங்காதீங்க! வேற எங்கயாவது மணல்ல இறக்குங்க, இங்க வேண்டாம்!"

கரகரப்பு. பிறகு ஒரு ஆண்குரல், அழுதுவிடும்போல.

"ரொம்ப நன்றிம்மா. வாங்க வாங்கன்னு நீங்க கூப்பிடுறது தெளிவா கேக்குது. பின்னாடி பிள்ளைங்க இருக்காங்க, பயந்தே போயிட்டோம்."

"இல்ல! நான் கூப்பிடல!"

"தெரியுதும்மா. நீங்க கையாட்டுறதும் நல்லா தெரியுது."

மைக் வலது கையில் இருந்தது.

இடப்பக்கம் திரும்பினாள். ஜன்னலுக்கு வெளியே, தோள்வரை நீட்டி, சருகாய்ச் சுருங்கி, அவளுடைய இடது கை.

நிதானமாக அசைந்துகொண்டிருந்தது.